பத்து இழுவை

மகன்,

"நான் நல்ல சுகம், நீ எப்படி" என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். எழுதிவிட்டு வெட்டினேன். நல்ல சுகம் என்பதை நான் ஒரு காலத்தில் உன்னிடம் பொய்யாகச் சொன்னவன். அந்தப் பொய்யின் பாரத்தை நாலு வருடமாக நீ சுமக்கிறாய் என்பது போன ஞாயிற்றுக்கிழமைதான் எனக்குத் தெரியவந்தது. இதை உறையில் போட்டு ஒட்டித் தந்தால், நீ படித்துவிட்டு மடித்து அலுமாரிக்குள் உடுப்புக்கு அடியில் வைத்துவிடுவாய். ஒரு சொல்லும் கதைக்க மாட்டாய். உன் சுபாவம் எனக்குத் தெரியும், என்னிடமிருந்து வந்ததுதானே. அதனால் எல்லோரும் படிக்கும்படி அச்சுக்குக் கொடுக்கிறேன். உனக்குத் திட்டு விழுந்தது ஊருக்கு முன்னால். என் குற்றத்தை மட்டும் நான் ஏன் உன் காதுக்குள் சொல்ல வேண்டும்?

அன்று மத்தியானம் நான் பின்வளவில், முருங்கை மரத்தடியில், மூன்று நீலப் பந்துகள் உள்ள அந்தப் பிளாஸ்டிக் கருவியில் மூச்சை இழுத்துப் பழகிக்கொண்டிருந்தேன். நீ வாங்கித் தந்ததுதான். இரண்டு பந்துகள் சொன்னபடி எழும்பும். மூன்றாவது இன்னும் என்னோடு கோபம். அம்மா குசினியில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தா. நீ குசினி வாசலில் கதிரையைப் போட்டுக்கொண்டு, ஐ.சி.யூவில் வேலை செய்யச் சொல்லி வந்த கடிதத்தைப் பற்றிச் சொன்னாய். நான் சந்தோஷத்தில் எழும்பப் பார்த்தேன். அப்போதுதான் உன் குரல் கேட்டது. "எனக்கு ஏலாது அம்மா. வேற ஆளைப் போடட்டும். சொந்த அப்பாட மூச்சையே ரெண்டு நாளா எண்ணிப் பாக்காதவன் நான்." அம்மா திருவுவதை நிறுத்தவில்லை. "அதை விடு மகன், அப்பா இருக்கிறார்தானே" என்றா. "இருக்கிறார். ஆனா அது என்ர கெட்டித்தனமில்ல" என்றாய் நீ. மாத முடிவுக்குள் பதில் எழுத வேண்டும் என்றும் சொன்னாய். என் கையிலிருந்த கருவியில் ஒரு பந்துகூட எழும்பவில்லை.

உனக்கு ஒன்பது வயதில் உப்புவெளிப் பக்கம் கற்பாறைகள் கிடக்கும் இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனது நினைவிருக்கிறதா? கடல் அன்று எண்ணெய் ஊற்றியதுபோல அசையாமல் கிடந்தது. நான் சங்கு குளித்த காலத்தில் பழகிய வித்தையை உனக்குக் காட்டினேன். இறங்குவதற்கு முன் ஆழமாக, வேகமாகப் பத்துத் தரம் மூச்சை இழுத்து விட வேண்டும். பத்தாவது இழுவையில் நெஞ்சு பஞ்சாகிவிடும். உலகத்தில் காற்று என்று ஒன்று தேவையே இல்லை என்று தோன்றும். அதற்குப் பிறகு கீழே போனால் அவசரமே இல்லை. பச்சை வெளிச்சம், மணலில் உன் நிழல், மீன்கள் வந்து முகத்தைப் பார்த்துவிட்டுப் போகும். நீ மேலே வந்து, "அப்பா, மூச்சு முட்டவே இல்ல!" என்று கத்தினாய். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பல வருடம் கழித்து, நீ நர்சிங் படித்துக்கொண்டிருந்த நாளில், சோற்றுக் கோப்பையை வைத்துக்கொண்டு எனக்கு விளக்கினாய். "அப்பா, அது காத்தைக் கூட்டிறேல்ல. மூச்சு முட்டுற உணர்வைத்தான் கழுவி விடுது. உடம்பை ஏமாத்திற வேலை. ஆக்கள் தண்ணிக்குள்ள மயங்கிப் போறதும் இதாலதான்." நான் சிரித்தேன். கடலுக்குள் முப்பது வருடம் கிடந்தவனுக்குப் பாடம் எடுக்கிறான் பார் என்று அம்மாவிடம் நக்கலடித்தேன்.

நக்கல் என்றதும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நீ நர்சிங்குக்குப் போகிறேன் என்றபோது எனக்குப் பிடிக்கவில்லை. நர்ஸ்மாரை மிஸ்ஸி என்று கூப்பிடுகிற ஊர்; துறைமுகத்தில் என்னோடு வேலை செய்தவர்கள், "மகன் என்ன, ஆம்பிள மிஸ்ஸியோ?" என்று சிரித்தார்கள். அவர்கள் வாயை அடைக்க எனக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு கேட்டவர்களுக்கெல்லாம், "ஆஸ்பத்திரியில வேலை" என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டேன். டொக்டர் என்று நினைத்தவர்களைத் திருத்தவும் இல்லை. நீ ஒருநாள் என் பக்கத்தில் நின்றுகொண்டே அதைக் கேட்டாய். நிலத்தைப் பார்த்தாய். கப்பலுக்கு அடியில் இறங்கி இரும்பைச் சுரண்டுகிறவன்தான் ஆண்பிள்ளை என்று நினைத்த முட்டாளாக இருந்தேன் நான்.

கிண்ணியா நூர்தீனை உனக்குத் தெரியும், என் கூட்டாளி. ஒருவன் கீழே இறங்கினால் மற்றவன் வள்ளத்தில் இருந்து கயிற்றையும் காற்றுக் குழாயையும் பார்த்துக்கொள்வான். கீழே இருப்பவன் கயிற்றை ஒருதரம் சுண்டினால் சுகமாக இருக்கிறேன் என்று அர்த்தம். ஒருநாள் ஒரு கப்பலின் சுக்கானுக்கு அடியில் நூர்தீன் வேலை செய்துகொண்டிருந்தான். நான் கயிற்றைச் சுண்டிக் கேட்டேன். சுகம் என்று பதில் வந்தது. ஆனால் தண்ணீர்மேல் வரும் குமிழிகள் சரியில்லை. சின்னச் சின்னதாக, அவசரம் அவசரமாக வந்தன. மறுபடி கேட்டேன். மறுபடி சுகம். நான் அவன் பதிலைக் காதில் போட்டுக்கொள்ளாமல் இழுத்து மேலே எடுத்தேன். உதடு நீலம். ஆனாலும் வாய் ஓயவில்லை. "டேய் மச்சான், நான் நல்லாத்தானேடா இருந்தன், ஏன்டா இழுத்தாய்?" என்று திட்டினான். பிறகு வள்ளத்தின் ஓரத்தில் சாய்ந்து வாந்தி எடுத்தான். அன்றைக்கு நான் உங்கள் எல்லோருக்கும் வாய் கிழியச் சொன்னேன்: கீழே கிடப்பவன் சொல்வதை நம்பக் கூடாது, குமிழியைப் பார்க்க வேண்டும் என்று. கீழே கிடக்கும் முறை எனக்கு வந்தபோது நானும் நூர்தீனைப் போலத்தான் நடந்தேன். அவனைவிட மோசமாக.

அந்தக் கொரோனா காலத்தில் எனக்குக் காய்ச்சல் வந்து, நீ வேலை செய்த வார்டிலேயே என்னைப் போட்டார்கள். ஆட்கள் போதாத காலம். தகப்பன் மகன் என்று பார்க்க ஏலாது. கட்டில் ஜன்னலோரம். வெளியே மரத்தடியில், ஊருக்குள் திரியும் புள்ளிமான்கள் வந்து படுத்திருக்கும். முகமூடியால் ஒட்சிசன் வந்துகொண்டிருக்க, நான் அவற்றின் புள்ளிகளை எண்ணுவேன், பாதியில் விட்டுவிடுவேன், திரும்ப எண்ணுவேன். விசித்திரம் என்னவென்றால் எனக்கு மூச்சு முட்டவேயில்லை. ஓர் இதமான மயக்கம். வார்டின் சுவரெல்லாம் மெல்லிய பச்சையாகி, விசிறி தண்ணீருக்குள் சுற்றுவதுபோல மெதுவாகச் சுற்றியது. பக்கத்துக் கட்டிலில் இருந்தவரை மாத்திரம் ஐ.சி.யூவுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். அவர் திரும்பி வரவில்லை. அவருடைய செருப்புச் சோடி கட்டிலுக்கு அடியில் கிடந்தது. அதை எடுக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை. நான் மானைப் பார்க்கும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் அந்தச் செருப்பைத்தான் பார்த்தேன். பயந்துபோனேன் மகன். வெறும் பயம், வேறு ஒன்றுமில்லை.

நீ கட்டிலில் மறந்து வைத்துவிட்டுப் போன, ஒட்சிசன் அளக்கும் விரல் கிளிப்பை ஒருதரம் நானே மாட்டிப் பார்த்தேன். எண்பத்து நாலு. அது போதாது, கண்டால் என்னையும் ஐ.சி.யூவுக்குத் தள்ளிவிடுவார்கள் என்று எனக்கும் தெரியும். அவ்வளவு நாளும் அந்த எண்ணைத்தானே எல்லோரும் கதைத்துக்கொண்டிருந்தார்கள். கிளிப்பைக் கழற்றாமல் பத்து இழுவை இழுத்தேன். எண் ஏறியது, தொண்ணூற்று மூன்று. சங்கு கிடைத்தவன்போலச் சிரித்தேன். அதற்குப் பிறகு அதுவே என் தொழிலாயிற்று. நீங்கள் போட்டிருந்த பிளாஸ்டிக் அங்கி நடக்கும்போது சரசரக்கும். வாசலில் அந்தச் சத்தம் கேட்டதும் நான் தொடங்கிவிடுவேன். நீ முதல் கட்டிலைப் பார்த்து, இரண்டாவதைப் பார்த்து, என்னிடம் வருவதற்குள் பத்தும் முடிந்துவிடும். "எப்பிடி அப்பா?" என்பாய். "நல்ல சுகம்" என்பேன். நீ எண்ணை எழுதிக்கொண்டு போவாய். டொக்டருக்கும் அதே நாடகம். நீ போனதும் கண்ணை மூடினால் நேரே கடலடி. மூன்று தரம், ஐந்து தரம், இரண்டு நாள்.

செருப்புக்காரரின் கட்டிலுக்குத் தம்பலகாமத்தில் வயல் செய்யும் கமக்காரர் ஒருவரைக் கொண்டுவந்தார்கள். அந்த மனிதருக்கு ஒளிவுமறைவே கிடையாது. "தம்பி, ஏலாமக் கிடக்கு. கதைக்க ஏலாது, திரும்ப ஏலாது, என்னை என்னவாவது செய்யுங்கோ" என்று கண்ட கண்ட ஆட்களிடமெல்லாம் முறையிட்டார். இரவில் வயலுக்கு வரும் யானையை விரட்டுகிறவருக்கு இதுவும் தாங்காதா என்று நான் உள்ளுக்குள் ஏளனம் செய்தேன். அவரை உடனேயே குப்புறப் படுக்க வைத்தார்கள். பெரிய வேகத்தில் சூடான ஈரக் காற்றை மூக்குக்குள் விடும் குழாயை மாட்டினார்கள். தொண்டைக்குள் குழாயை இறக்கும் கட்டம் அவருக்கு வரவேயில்லை. பிறகு நான் மயக்கத்திலிருந்து கண் திறப்பதற்கு முன்பே அவர் வீட்டுக்குப் போய் வயல் பார்த்துக்கொண்டிருந்தாராம். மகன், நீ எந்த வார்டில் நின்றாலும் முறையிடுகிறவனுக்குப் பயப்படாதே. சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டு கிடப்பவனிடம்தான் திரும்பிப் போக வேண்டும்.

மூன்றாம் நாள் பகல், நீ ஏற்கெனவே உள்ளே நின்று கமக்காரரைத் திருப்பிக்கொண்டிருந்தாய். அங்கிச் சத்தம் அங்கேயே இருந்ததால் எனக்கு அறிவிப்புக் கிடைக்கவில்லை. அம்மா பிளாஸ்கில் கொடுத்துவிட்ட மல்லித் தண்ணியைத் தரவென்று நீ சட்டென்று என் பக்கம் திரும்பினாய். நீலம் பாய்ந்த என் விரலைப் பார்த்தாய். கிளிப்பை மாட்டினாய். எழுபத்தொன்பது. நான் அவசரமாக இழுக்கத் தொடங்கினேன், ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவதில் இருமல் வந்து எல்லாம் குழம்பியது. நீ என் கழுத்துக்குழியைப் பார்த்துக்கொண்டு நின்றாய். முகத்துக்கு மேல் கண்ணாடி, வாய்க்கு மேல் முகமூடி. கண் மட்டும்தான் தெரிந்தது. அந்தக் கண்ணில் உப்புவெளிக் கற்பாறை வந்து நின்றதை நான் கண்டேன்.

டொக்டர் ஓடி வந்தார். "ரெண்டு நாளா தொண்ணூற்று மூண்டு, தொண்ணூற்று நாலு எண்டு எழுதியிருக்கு. இந்த ஆளைப் பாத்தா அப்பிடியா கிடக்கு? மூச்சு இருபது, இருபது எண்டு எழுதியிருக்கு, எண்ணினீங்களா?" வார்டே கேட்டது. மிஸ்ஸிமார் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நீ சொன்னாய், "இல்ல டொக்டர். என்ர பிழை." அவ்வளவுதான். இவர் என்னை ஏமாற்றிவிட்டார் என்று சொல்ல உனக்கு நாலு சொல் போதும். நீ சொல்லவில்லை. பிறகு என்னைக் குப்புறத் திருப்பக் குனிந்தபோது என் காதுக்குள் சொன்னாய்: "பத்து இழுவை போதும் அப்பா. இனி நாங்கள் இழுக்கிறம்."

இந்த வசனத்தை நான் நாலு வருடமும் கனவு என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். ஏனென்றால் அதற்குப் பிறகு வந்ததெல்லாம் கனவுதான். குப்புறப் படுத்தும் போதாமல், வேகக் காற்றும் போதாமல், பின்னேரம் டொக்டர் என் கையைப் பிடித்து, "நித்திரையாக்கிப் போட்டு குழாய் போடப் போறம், சம்மதமா?" என்று கேட்டார். நான் தலையாட்டினேன். நான் பயந்த அந்த ஐ.சி.யூவுக்கே என்னைத் தள்ளிக்கொண்டு போனார்கள்; ஆள் போதாமல் உன்னையும் அங்கே போட்டிருந்தார்களாம். பிறகு எத்தனையோ நாள் நான் நம் துறைமுகத்தின் அடியில் வசித்தேன். மூழ்கிக் கிடந்த ஒரு கப்பலின் தளத்தில் மான்கள் மேய்ந்தன. அவற்றின் புள்ளிகள் ஒவ்வொன்றாகக் கழன்று குமிழிகளாக மேலே போயின. அம்மா தண்ணீருக்குள் தேங்காய் திருவினா. பூ கீழே விழாமல் மிதந்தது. வெகு உயரத்தில் ஒரு வள்ளத்தின் அடிப்பக்கம் கறுப்பாகத் தெரிந்தது. அங்கிருந்து ஒரு குரல் வந்துகொண்டேயிருந்தது. "அப்பா, இப்ப உங்களைத் திருப்பப் போறம், பயப்பிடாதைங்கோ." "அப்பா, கண்ணுக்கு மருந்து விடுறன், குளிரும்." "அப்பா, இண்டைக்குச் செவ்வாய்க்கிழமை. வெளியில நல்ல மழை." ஒன்றுக்கும் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஆனால் குரல் வருமட்டும் நான் எந்தப் பக்கம் மேல் என்பதை மறக்கவில்லை. நித்திரையில் கிடப்பவனோடு கதைத்துப் பயனில்லை என்று உன்னோடு வேலை செய்கிற யாராவது சொன்னால், இந்தப் பத்தியை அவர்களுக்கு வாசித்துக் காட்டு.

நித்திரையில் கிடந்த நாட்களில் என்ன செய்தீர்கள் என்பதைப் பிறகு அம்மா வழியாகத்தான் அறிந்தேன்; நீ என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஆறு பேர் சேர்ந்து, ஒருவர் தலைப்பக்கம் நின்று வாய்க்குழாயைப் பிடித்துக்கொண்டு எண்ண, என்னை ஒரே அசைவில் குப்புறத் திருப்புவீர்களாம். ஒரு நாளில் பாதிக்கு மேல் அப்படியே, பிறகு மல்லாக்க, பிறகு மறுபடி. நெஞ்சு நிறைய ஊதித் தள்ளாமல், நோய்பிடித்த நுரையீரல் கிழிந்துவிடாதபடி, சின்னச் சின்ன மூச்சாகத்தான் இயந்திரம் கொடுக்குமாம். அதைக் கேட்டு நான் அசந்துபோனேன். நான் வாழ்நாள் முழுவதும் பெரிய மூச்சுக்குப் பெருமைப்பட்டவன். என்னைக் காப்பாற்றியது சின்ன மூச்சும் பொறுமையும். குழாயைக் கழற்றிய நாளில் ஒரு கரண்டியைத் தூக்க எனக்குக் கையில் பலமில்லை. நங்கூரச் சங்கிலியைத் தூக்கிய கை அது. நீ கஞ்சி ஊட்டினாய். பக்கத்தில் நின்ற சிற்றூழியர், "ஐயா, மகன் டொக்டரா?" என்று கேட்டார். தொண்டை புண்ணாகி, குரல் காற்றாகத்தான் வந்தது. ஆனாலும் சொன்னேன், "இல்ல. மிஸ்ஸி." நீ சிரித்தாய். கண்ணைத் துடைக்கக் கண்ணாடிக்குள் கை போகவில்லை உனக்கு.

அப்போதே மற்றதையும் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. முதலில் குரல் இல்லை என்று சாட்டு, பிறகு பலம் இல்லை என்று சாட்டு, பிறகு நீ மறந்திருப்பாய் என்று சாட்டு. நீ ஐ.சி.யூப் பக்கம் போகாமல் கிளினிக்குக்கு மாற்றம் கேட்டு வாங்கியபோதும், உனக்குக் களைப்பு வந்துவிட்டதாக்கும் என்று நினைத்துச் சும்மா இருந்தேன். எனக்கு வசதியான நினைப்பு அது. போன ஞாயிறு நீ அம்மாவிடம் மூச்சை எண்ணாததைச் சொன்னாய், கிளிப் காட்டிய எண்ணைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை; அந்த எண் எப்படி ஏறியது என்று உனக்குத் தெரியும், அந்தக் காதுச் சொல் கனவில்லை என்பது அப்போதுதான் விளங்கியது. எல்லாம் தெரிந்துகொண்டே என் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறாய். காப்பாற்றிவிட்டு, பழியை உண்மை என்று நீயே நம்பத் தொடங்கிவிட்டாய்.

உன்மேல் பிழையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. மூச்சு எண்ணிக்கைக் கட்டத்தில் இருபது, இருபது என்று கை பழகியபடி எழுதியிருந்தாய். ஒரு நிமிடம் நின்று எண்ணியிருக்கலாம். வேலை செய்கிறவன் பிழையும் செய்வான். அது உன் பங்கு, கையளவு. மிச்சம் முழுவதும் என்னுடையது. உன் கூட வேலை செய்தவர்கள் இதைப் படிக்கட்டும். அன்று திட்டிய டொக்டரும் படிக்கட்டும். அவர்மேல் எனக்குக் கோபமில்லை, குமிழியைப் பார்த்தவர் அவர்தான். அந்த நோயாளி ஒரு கள்ளன், மகன் அவனைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று எல்லோருக்கும் தெரியட்டும்.

காய்ச்சல்கள் இனியும் வரும். நெஞ்சில் இறங்கும். உன் அங்கிச் சத்தம் கேட்டதும் எங்கோ ஒரு கட்டிலில் ஒரு தகப்பன் நிமிர்ந்து உட்கார்ந்து, நெஞ்சை விரித்து, நல்ல சுகம் என்று சொல்லத் தயாராவான். மற்றவர்கள் எண்ணைப் பார்த்துவிட்டுப் போகக்கூடும். நீ போக மாட்டாய். அவன் கழுத்துக்குழி உள்ளே விழுவதைப் பார்ப்பாய், போனவன்போலப் போய் வாசலில் நின்று எண்ணுவாய். அந்தப் பொய் எப்படி இருக்கும் என்று பெற்ற தகப்பனிடம் படித்தவன் நீ. அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் நீ நிற்க வேண்டும் மகன். இது என் ஆசை. கட்டளை போட எனக்கு உரிமை இல்லை.

பதில் எழுதுவதற்கு முன் ஒருதரம் வீட்டுக்கு வா. மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் நான் நிமிர்ந்து இருந்துவிடுவேன். அந்தக் கள்ளப் பழக்கம் இன்னும் போகவில்லை. அதனால் சந்தியிலேயே எஞ்சினை நிறுத்திவிட்டு உருட்டிக்கொண்டு வா. படலையைத் திறக்காதே. வேலியால் எட்டிப் பார். முருங்கையடியில், கதிரையில், வாயைப் பிளந்துகொண்டு தூங்கிக்கொண்டிருப்பேன். ஒரு நிமிடம் நின்று எண்ணு. அதுதான் என் சுகம்.

அப்பா